போர்ட்ஸ் மரம் கட்டுப்படாமல் நின்றால்: அறிகுறியைப் பார்த்து வழியைப் பிடிப்பது

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் போர்ட்ஸ் தொகுப்பில் 30,000க்கு மேற்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு மென்பொருளை மூலத்திலிருந்து கட்டுகிற (கொம்பைல் செய்கிற) செய்முறை அடைவுதான் ஒரு போர்ட், அவை எல்லாம் சேர்ந்ததுதான் போர்ட்ஸ் மரம். அவ்வளவையும் இறக்கி, சரிபார்த்து, கட்டி, பொதியாக்குகிற விதிகள் எம்கே என்ற ஒரே அடைவுக்குள் இருக்கின்றன. 1994இல் ஜோர்டன் ஹப்பார்ட் எழுதிய சில மேக் (கட்டும் வேலையை ஓட்டும் கருவி) மக்ரோக்களில் தொடங்கிய சங்கதி அது. யாழ்ப்பாணத்தில் சில ஆய்வுகூடங்களுக்கும் ரியூஷன் நிலையங்களுக்கும் வேண்டிய பொதிகளைக் கொக்குவிலிலுள்ள ஒரு பழைய இயந்திரத்தில் கட்டிக் கொடுக்கிறேன். "அண்ணை, போர்ட்ஸ் முழுக்க உடைஞ்சு போச்சு" என்று அடிக்கடி அழைப்பு வரும். முழுக்க உடைவது அபூர்வம். கரண்ட், இணைப்பு, பழைய அமைப்புக் கோப்பு, தூசி அடைத்த விசிறி என்று வேறெங்கோதான் பிழை இருக்கும். எம்கே அடைவில் கை வைப்பது கடைசி வேலை.

கட்டளைகளை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

பிழை என்று அனுப்புகிறவர்களில் கூடப் பேர் அனுப்புவது திரையின் கடைசி வரியை. அதில் "ஸ்டொப்", "எரர் கோட் 1" என்று இருக்கும். மேக் நின்றுவிட்டது என்பதை அது சொல்லும், ஏன் நின்றது என்று சொல்லாது. மேலே ஏறிப் போய், முதன்முதலில் "எரர்" வருகிற வரியைப் பிடியுங்கள். பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடியிருந்தால் அந்த வரி நூற்றுக்கணக்கான வரிகளுக்கு மேலே கிடக்கும்.

பிறகு போர்ட்ஸ் மரத்துக்குள் போய் "கிட் ஸ்டேட்டஸ் எம்கே" கொடுங்கள் (மரத்தின் பதிப்புகளைக் காக்கும் கருவி கிட்; அதில் பதிந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கொமிட், புதியவற்றை இறக்குவது புல்). எம் பெரிய எழுத்து. எதுவும் மாறவில்லை என்று வந்தால் கட்டமைப்பு நீங்கள் இறக்கியபடியே இருக்கிறது. மாறியிருந்தால் "கிட் டிஃப் எம்கே" என்று பாருங்கள். அந்த மாற்றத்தைச் செய்தது யார் என்று வீட்டிலோ ஆய்வுகூடத்திலோ கேட்கலாம், ஆனால் ஒருவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். "கிட் ஸ்டாஷ்" என்று ஒதுக்கிவிட்டுத் திருப்பி ஓட்டுங்கள்.

அடுத்தது ஈடிசி அடைவிலுள்ள மேக்.கான்ஃப். அந்தக் கோப்பே இல்லாததுபோல் ஓட்டுவதற்கு ஒரு வழி உண்டு: மேக் கட்டளைக்குப் பின் "__மேக்_கான்ஃப்=/டெவ்/நல்" என்று சேர்ப்பது. முன்னால் இரண்டு அடிக்கோடு, சமக்குறி வரைக்கும் பெரிய எழுத்து. அப்படி ஓட்டும்போது பிழை போய்விட்டால் எம்கேயை மறந்துவிடுங்கள், பிழை உங்கள் மேக்.கான்ஃபில் இருக்கிறது. பெரும்பாலும் அகப்படுவது "டிஃபோல்ட் வேர்ஷன்ஸ்" வரிதான். மரத்திலிருந்து எடுத்துவிட்ட ஒரு பைதான் பதிப்பிலோ போஸ்ட்கிரெஸ் பதிப்பிலோ அது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்த மூன்றிலேயே எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி தீர்ந்துவிடும்.

அறிகுறி: எந்தப் போர்ட்டுக்குப் போனாலும் மேக் என்று தட்டியவுடனேயே பிழை

*திரையில் "குட் நொட் ஃபைண்ட்" என்று, எம்கேக்குள் உள்ள யூசஸ் அடைவின் (போர்ட்டுகள் பெயர் சொல்லிக் கேட்கும் பொதுவிதிகள்) கோப்பொன்றைக் காட்டுகிறது*

முதல் சந்தேகம், பாதியில் நின்ற கிட் புல். கரண்ட் போய் வந்த அன்று இது சகஜம். திருப்பி "கிட் புல்" கொடுங்கள். "இண்டெக்ஸ்.லொக் ஏற்கெனவே இருக்கிறது, வேறொரு கிட் ஓடுகிறதுபோல" என்று மறித்தால், உண்மையில் வேறு கிட் ஓடவில்லை என்பதை "பிஎஸ்" போட்டு உறுதிசெய்துகொண்டு, மறை அடைவான .கிட்டுக்குள் இருக்கும் அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் "ஒப்ஜெக்ட் வெறுமையாக இருக்கிறது", "கரப்ட்" என்று வந்தால் "கிட் எஃப்எஸ்சிகே" ஓட்டுங்கள். பிழைகள் நிறைய வந்தால் மினக்கெடாமல் மரத்தைப் புதிதாக இறக்குங்கள். டேட்டா குறைவென்றால் "‑‑டெப்த் 1" போட்டு இறக்கலாம். ஆனால் பழைய வரலாறு கையில் இருக்காது, அது பின்னால் ஓரிடத்தில் உதைக்கும்.

இரண்டாவது சந்தேகம் பென் டிரைவ். யாரோ புது மரத்திலிருந்து ஒரு போர்ட்டின் அடைவை மட்டும் கொண்டுவந்து உங்கள் பழைய மரத்துக்குள் போட்டிருப்பார்கள். அந்தப் போர்ட் கேட்கிற யூசஸ் கோப்பு பழைய எம்கேயில் இல்லை. அந்த ஒரு கோப்பை மட்டும் தேடிக் கொண்டுவந்து போடத்தான் எல்லாருக்கும் கை வரும். போடாதீர்கள். அது இன்னொரு கோப்பைக் கேட்கும், அது வேறொன்றைக் கேட்கும். முழு மரத்தையும் ஒரே கொமிட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

மறுபக்கமும் உண்டு. உங்கள் சொந்தப் போர்ட் பழைய யூசஸ் ஒன்றைக் கேட்கிறது, புதுக் கட்டமைப்பில் அதை எடுத்துவிட்டார்கள். மரத்தின் உச்சியில் சேஞ்சஸ் என்றொரு கோப்பு இருக்கிறது. போர்ட் எழுதுகிறவர்களுக்கான கட்டமைப்பு மாற்றங்கள் அதில் வரும். பயனாளர்களுக்கானது அப்டேட்டிங். இரண்டையும் குழப்பிக்கொண்டு, அப்டேட்டிங்கில் தேடிவிட்டு "ஒன்றும் எழுதவில்லை" என்பவர்கள் கனபேர்.

*"நீட் அன் ஒப்பரேட்டர்", புதிய பதிப்புகளில் "இன்வலிட் லைன்"*

வரி எண்ணும் கூடவே வரும். அந்த வரியைத் திறந்தால் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, கிட் இணைப்பு மோதி விட்டுப்போன ஏழு கோணக் குறிகள் (அப்போது "அன்ரிசோல்வ்ட் மேர்ஜ் கொன்ஃபிளிக்ட்ஸ்" என்றே மேக் சொல்வதுண்டு). மற்றது, டாப் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடங்கள். போனில் வந்த செய்தியிலிருந்து மேக்ஃபைல் வரியை வெட்டி ஒட்டினால் டாப் எல்லாம் வெற்றிடமாகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். "கேட் ‑ஈடி" போட்டுப் பாருங்கள்: டாப் உள்ள இடத்தில் ஒரு தொப்பிக் குறியும் பெரிய ஐ எழுத்தும் தெரியும், வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும்.

*"மால்ஃபோர்ம்ட் கொண்டிஷனல்"*

யாரோ மதிப்பு வைக்காத மாறியை நிபந்தனை ஒன்றில் ஒப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் போர்ட் என்றால் ஒப்பீட்டுக்கு முன் "டிஃபைன்ட்" சோதனையைச் சேருங்கள், இல்லையென்றால் மாறிக்கு முதலே ஒரு வெறும் மதிப்பைக் கொடுங்கள். ஓஎஸ்வேர்ஷன், ஆர்ச், தெரிவுகள் போன்றவற்றைச் சோதிக்கிற வரி, பிஎஸ்டி.போர்ட்.ஒப்ஷன்ஸ்.எம்கேயைச் சேர்க்கிற வரிக்கு மேலே இருந்தாலும் இதே கூத்துதான்.

*"உங்கள் பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது"*

இது பிழையில்லை, உண்மை. "அலவ் அன்சப்போர்ட்டட் சிஸ்டம்" என்ற மாறியை வைத்து வாயை அடைக்கலாம். நாளைக் காலை வகுப்புக்கு ஒரு பொதி வேண்டும் என்றால் அன்றிரவுக்கு மட்டும் அப்படிச் செய்யுங்கள். மேக்.கான்ஃபில் நிரந்தரமாக எழுதிவைத்தால் பிறகு வருகிற ஒவ்வொரு விசித்திரப் பிழைக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

*"யூநேமும் ஓஎஸ்வேர்ஷனும் பொருந்தவில்லை"*

இயங்குதளத்தைத் தரமுயர்த்தும் வேலையை யாரோ நடுவில் விட்டிருக்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டி‑அப்டேட்டில் "இன்ஸ்டால்" ஒரு தடவை, மீளத்தொடக்கம், பிறகு இன்னொரு தடவை "இன்ஸ்டால்". அந்த இரண்டாவதுதான் மறக்கப்படும்.

மரம் சுத்தம், மேக்.கான்ஃபும் இல்லாமல் ஓட்டியாயிற்று, ஆனாலும் எல்லாப் போர்ட்டும் விழுகிறதா? அப்படியென்றால் மேலே, ஃப்ரீபிஎஸ்டி தரப்பில், யாரோ செய்த கொமிட் உடைத்திருக்கலாம். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திருப்பிப் புல் செய்யுங்கள். எல்லாருக்கும் உடைகிற பிழையைக் கெதியில் திருத்திவிடுவார்கள்.

அறிகுறி: ஃபெட்ச் ஆகவில்லை, அல்லது செக்சம் பொருந்தவில்லை

ஃபெட்ச் என்பது மூலக் கோப்பை இறக்குகிற கட்டம், செக்சம் என்பது அது மாறாமல் வந்ததா என்று பார்க்கிற எண். இறக்கியவை சேரும் டிஸ்ட்ஃபைல்ஸ் அடைவில் கோப்பின் அளவைப் பாருங்கள். போர்ட்டின் டிஸ்ட்இன்ஃபோ கோப்பில் "சைஸ்" என்ற வரியிலுள்ள எண்ணுடன் ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் இணைப்பு அறுந்து பாதியில் நின்ற கோப்பு. "மேக் டிஸ்ட்கிளீன்" கொடுத்துவிட்டு "மேக் செக்சம்" கொடுங்கள். முடிந்தது.

அளவு சில கிலோபைட் மட்டுமே என்றால் "ஃபைல்" கட்டளையால் அது என்ன என்று கேளுங்கள். "எச்டிஎம்எல்" என்று சொன்னால் வந்தது மென்பொருள் இல்லை, டொங்கிளில் டேட்டா முடிந்த அறிவிப்புப் பக்கம். ரீலோட் போட்ட பிறகு அந்தக் கோப்பை அழித்துவிட்டுத் தொடருங்கள். இரவு டேட்டா வைத்திருக்கிறவர்கள் கட்டுவதையும் இறக்குவதையும் பிரித்துக்கொள்வது நல்லது. போர்ட்டின் அடைவில் "மேக் ஃபெட்ச்‑ரிகர்சிவ்" கொடுத்தால் அதற்கும் அதன் சார்புகளுக்கும் (அதற்கு வேண்டிய மற்றப் போர்ட்டுகள்) இறக்குவது மட்டும் நடக்கும். இரவு முழுக்க இறங்கட்டும், பகலில் இணைப்பே இல்லாமல் கட்டலாம்.

அளவு சரி, ஷா256 (அதுதான் செக்சம்) மட்டும் பிழை என்றால் கவனம். அதே கோப்பை வேறொரு இயந்திரத்தில் இறக்கி "ஷா256" ஓட்டுங்கள். அங்கே டிஸ்ட்இன்ஃபோவுடன் பொருந்தினால் உங்கள் டிஸ்க்கோ ரேமோ பொய் சொல்கிறது, கீழே வன்பொருள் பகுதிக்குப் போங்கள். இரண்டு இடத்திலும் ஒரே தவறான எண் வந்தால் மூலத்தார் (மென்பொருளை எழுதுகிறவர்கள்) கோப்பை மாற்றிவிட்டார்கள். இந்த இடத்தில்தான் "மேக் மேக்சம்" தட்ட ஆசை வரும். தட்டினால் பிழை போய்விடும், ஆனால் என்ன மாறியது என்று ஒருவருக்கும் தெரியாது. 2023 ஜனவரியில் கிட்ஹப் தானாக உருவாக்கும் சுருக்கக் கோப்புகளின் சுருக்கும் முறை மாறியதால், உள்ளே ஒரு எழுத்துகூட மாறாமலே உலகெங்கும் செக்சம்கள் பிசகின. பிறகு பழையபடி ஆக்கினார்கள். அன்று மேக்சம் தட்டியவர்களுக்கு இரண்டாந்தடவையும் வேலை. பழைய கோப்பு எங்காவது இருந்தால் இரண்டையும் விரித்து "டிஃப் ‑ஆர்" போடுங்கள். வித்தியாசம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போர்ட்டின் பராமரிப்பாளரிடம் போங்கள்.

எந்தத் தளமும் எட்டவில்லை என்றால் முதலில் பெயர் தீர்வு வேலை செய்கிறதா என்று பாருங்கள், பிறகு மணிக்கூட்டைப் பாருங்கள். அது அடுத்த பகுதி.

இன்னொன்று: ஃபெட்ச் எல்லாம் முடிந்து, கட்டுகிற நேரத்தில் "நோ சச் ஹோஸ்ட்" என்று வருகிறது. பூட்ரியேர் என்பது ஒவ்வொரு போர்ட்டையும் சிறை எனப்படும் தனித்த, சுத்தமான சூழலுக்குள் வைத்துக் கட்டும் கருவி. ஃபெட்ச் முடிந்ததும் அது சிறைக்குள் வலையமைப்பைத் துண்டித்துவிடும். கோ, ரஸ்ட் மொழிகளில் எழுதிய மென்பொருள்கள் கட்டும்போதே மேலதிகத் துண்டுகளை இறக்கப் பார்க்கும், அகப்பட்டுவிடும். இணையத்தைத் திறந்துவிடுவது வழியில்லை. துண்டுகளைப் போர்ட்டிலேயே அறிவிக்க வேண்டும். ரஸ்ட்டுக்கு "மேக் கார்கோ‑கிரேட்ஸ்" அந்தப் பட்டியலைத் தானே எழுதித் தரும்.

அறிகுறி: "புதிதாக உருவாக்கிய கோப்பு பழையதாக இருக்கிறது", "குளொக் ஸ்கியூ"

"டேட்" என்று தட்டுங்கள். வருடம் பிசகியிருக்கும். கரண்ட் போய்வந்ததும் மணிக்கூடு பின்னால் போகிறதென்றால் தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ பற்றரி செத்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். அது வரைக்கும் ஆர்சி.கான்ஃபில் "என்டிபிடி_எனேபிள்", "என்டிபிடி_சிங்க்_ஒன்_ஸ்டார்ட்" இரண்டுக்கும் யெஸ் கொடுத்துவையுங்கள். மணிக்கூடு பிழையாக இருக்கும்போது பாதுகாப்புச் சான்றிதழ்களும் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று மறுக்கும், ஆகவே இது பலநேரம் ஃபெட்ச் பிழையாகத்தான் முகம் காட்டும். நேரத்தைச் சரிசெய்த பிறகு "மேக் கிளீன்" கட்டாயம். பழைய நேர முத்திரைகளோடு விரித்த கோப்புகளை வைத்துக்கொண்டு தொடர்ந்தால் பிழை அப்படியே நிற்கும்.

அறிகுறி: ஒட்டுக்கோப்பு (பேட்ச்) ஒட்டவில்லை

முதலில் "மேக் கிளீன்". ஏற்கெனவே ஒட்டிய மூலத்தின் மேல் இரண்டாந்தரம் ஒட்டப் பார்த்திருக்கும். அதற்கும் ஒட்டவில்லையென்றால் .ரெஜ் என்று முடிகிற கோப்பைத் திறந்து, அந்தத் திருத்தத்தை மூலத்தார் ஏற்கெனவே சேர்த்துக்கொண்டார்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் ஒட்டுக்கோப்பை அழித்துவிடலாம். வரிகள் கொஞ்சம் நகர்ந்திருந்தால் கையால் திருத்தி "மேக் மேக்பேட்ச்". எல்லா வரியும் பொருந்துவதுபோலத் தெரிந்தும் ஒட்டாவிட்டால் விண்டோஸ் வரிமுடிவு, யூசஸில் "டொஸ்2யுனிக்ஸ்" சேருங்கள்.

அறிகுறி: கட்டும்போது நடுவில் சாகிறது

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்திலா, வேறு வேறு இடத்திலா? இரண்டு தடவை ஓட்டிப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

*ஒரே இடத்தில்*

கட்டமைப்பே திரையில் ஒரு யோசனை சொல்லியிருக்கும்: "மேக் ஜொப்ஸ் அன்சேஃப்" யெஸ் என்று வைத்துப் பார். ஒற்றை வேலையாக ஓடினால் கட்டுப்படுகிறதென்றால், அந்த மென்பொருளின் சொந்த மேக்ஃபைலில் வரிசை பிசகு. போர்ட்டில் அந்த மாறியை வைத்துவிட்டு மூலத்தாருக்கு அறிவியுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் பூட்ரியேரின் "டெஸ்ட்போர்ட்" ஓட்டுங்கள். சுத்தமான சிறைக்குள் கட்டுப்பட்டு உங்கள் இயந்திரத்தில் மட்டும் விழுந்தால், அங்கே ஏற்கெனவே நிறுவிய ஏதோ ஒரு பழைய நூலகம் குறுக்கே நிற்கிறது. சிறைக்குள்ளும் விழுந்தால் உண்மையான பிழை. சின்ன ஐ கொடியோடு ஓட்டினால் விழுந்த பிறகு அந்தச் சிறைக்குள்ளேயே இறங்கி நின்று பார்க்கலாம்.

*"கில்ட்" என்ற ஒரே சொல்*

"டிமெசெஜ்" ஓட்டினால் "ஃபெயில்ட் டு ரீகிளெய்ம் மெமரி" என்றோ ஸ்வாப் போதவில்லை என்றோ தெரியும். ரேம் முடிந்துவிட்டது. பூட்ரியேர் பேசாமல் விட்டால் சிபியூ எண்ணிக்கை அளவுக்குச் சிறைகளைத் திறக்கும். 8 ஜிபி இயந்திரத்தில் ரஸ்ட், எல்எல்விஎம் போன்ற பெரிய போர்ட்டுகள் ஒரே நேரத்தில் கட்டுப்பட்டால் யாரோ ஒருவர் சாகத்தான் வேண்டும். பூட்ரியேர்.கான்ஃபில் "பரலல் ஜொப்ஸ்" 2 என்று குறையுங்கள், "யூஸ் டிஎம்பிஎஃப்எஸ்" என்பதை நோ ஆக்குங்கள். மெதுவாகும், ஆனால் முடியும். ரேம் வாங்குவது அதற்குப் பிறகு யோசிக்கிற செலவு.

*"ரன்அவே புரொசெஸ்", "டைம்அவுட்"*

2 மணித்தியாலம், அதாவது 7200 செக்கன், லொக்கில் ஒரு வரியும் வரவில்லையென்றால் பூட்ரியேர் தானே நிறுத்திவிடும். கட்டும்போது ஓடுகிற ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் 86400 செக்கன். பழைய இயந்திரத்தில் பெரிய இணைப்புக் கட்டம் உண்மையிலேயே சத்தமில்லாமல் அவ்வளவு நேரம் எடுக்கலாம். "டொப்" ஓட்டி, சிபியூ வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் "நோஹேங் டைம்" எண்ணைக் கூட்டுங்கள். சும்மா கிடந்தால் அது வேறு பிழை.

*ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில்*

நேற்று ஒரு கோப்பில் "செக்மெண்டேஷன் ஃபோல்ட்", இன்று இன்னொரு கோப்பில் "இன்டேர்னல் கொம்பைலர் எரர்", மூன்றாந்தடவை கட்டுப்பட்டே விட்டது. இது மென்பொருள் பிழை இல்லை. எம்கேயைத் திறக்கவே வேண்டாம்.

மலிவானதிலிருந்து: வெப்பம். "கோர்டெம்ப்" மொடியூலை ஏற்றி (ஏஎம்டி என்றால் "ஏஎம்டிடெம்ப்"), சிஸ்சிடிஎல்லில் டெவ்.சிபியூவின் கீழுள்ள வெப்பநிலையை, பெரிய போர்ட் ஒன்று கட்டுப்படும்போது பாருங்கள். சித்திரை வைகாசியில் ஓட்டுக்கூரைக்குக் கீழே மதியம் கட்டுகிறவர்களுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். மூடியைக் கழற்றிப் பாருங்கள். உரும்பிராய், சுன்னாகப் பக்கம் என்றால் விசிறியைத் தூக்கியதும் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கு மேலே செம்மண் நிறத்தில் ஒரு பாய் விரித்தமாதிரிப் புழுதி படிந்திருக்கும். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. பல்லுத்தூரிகையால் தட்டி எடுங்கள். சிபியூவுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை காய்ந்து வெடித்திருந்தால் புதிதாகப் பூசுங்கள்.

அடுத்தது ரேம். பருத்தித்துறை, காரைநகர் போன்ற கடற்கரை இடங்களில் உப்புக்காற்றால் தங்க நிறத் தொடுமுனைகள் கறுத்துப்போகும். கழற்றி, அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டுத் திருப்பிப் போடுங்கள். அதற்குப் பிறகு "மெம்டெஸ்ட்86+" ஓர் இரவு ஓடட்டும். ஒரேயொரு பிழை காட்டினாலும் அந்தத் தட்டு கூடாது, "ஒன்றுதானே" என்று விடாதீர்கள். டிஸ்க்குக்கு, இசட்எஃப்எஸ் என்றால் "இசட்பூல் ஸ்க்ரப்", பிறகு "இசட்பூல் ஸ்டேட்டஸ் ‑வி".

இவ்வளவும் சரி, இன்னும் விழுகிறதென்றால் மின்வழங்கியும் தாய்ப்பலகையும்தான் மிச்சம். அதை ரவுணிலுள்ள ரெக்னீசியனிடம் விடுங்கள். மாரி இடி முழக்கத்துக்குப் பிறகு தொடங்கிய பிழை என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். மின்வழங்கியைத் திறந்து நோண்டுவது நம்முடைய வேலை இல்லை.

அறிகுறி: கட்டுப்பட்டது, பொதியாக்கும்போது மறுக்கிறது

"ஓர்ஃபன்ட்" என்றால் நிறுவிய கோப்பு பட்டியலில் இல்லை, "மிஸ்ஸிங்" என்றால் பட்டியலில் இருக்கிறது, கோப்பு இல்லை. "மேக் மேக்பிலிஸ்ட்" ஒரு பட்டியலைக் கொடுக்கும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே ஒட்டாதீர்கள். தெரிவு ஒன்றை அணைத்தால் வராத கோப்புகளும் அதில் நிரந்தரமாக ஏறிவிடும். "இன்வலிட் ஷெபேங்" என்றால் யூசஸில் "ஷெபேங்ஃபிக்ஸ்". "இணைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் சார்பாக அறிவிக்கவில்லை" என்று வந்தால் எந்த லிப்_டிபெண்ட்ஸ் வரி வேண்டும் என்று "மேக் ஸ்டேஜ்‑கியூஏ" சொல்லும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் நிரல் ஓடவில்லை

"ஷெயர்ட் ஒப்ஜெக்ட் நொட் ஃபவுண்ட்". முதலில் "கிட் பிராஞ்ச்" போட்டு மரம் எந்தக் கிளையில் நிற்கிறது என்று பாருங்கள். பொதிகள் காலாண்டுக் கிளையிலிருந்து வருகின்றன (ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபரில் புதிதாகப் பிரியும்), போர்ட்ஸ் மரம் மெயினில் நிற்கிறது, இரண்டையும் கலந்து நிறுவியிருக்கிறீர்கள் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். ஒன்றைத் தெரிவுசெய்து அதிலேயே நில்லுங்கள்.

கிளை சரியென்றால் "பிகேஜி செக் ‑டி ‑ஏ". பிகேஜியே ஓட மறுத்தால் "பிகேஜி‑ஸ்டாட்டிக்" ஓடும். ஐசியு போன்ற நூலகமொன்று பதிப்பு மாறும்போது அதைச் சார்ந்த எல்லாப் போர்ட்டுக்கும் மேலே உள்ளவர்கள் "போர்ட்ரிவிஷன்" எண்ணைக் கூட்டிவிடுவார்கள். உங்கள் சொந்தப் போர்ட்டுகளுக்கு அதைச் செய்ய ஒருவரும் இல்லை, நீங்கள்தான் கூட்ட வேண்டும். ஆய்வுகூடங்களில் ஓடாமல் நிற்கிற நிரல்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அறிகுறி: எம்கேயில் ஒரு மாற்றம், வேறெங்கோ உடைந்தது

மாற்றம் உங்களுடையதா, மேலிருந்து வந்ததா?

*உங்களுடையது*

அது எம்கேயில் இருக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு போர்ட்டுக்கு மட்டும் வேண்டியது அந்தப் போர்ட்டின் மேக்ஃபைலுக்குப் போகட்டும். ஆய்வுகூடத்துக்கென்று திருத்திய போர்ட்டுகள் தனி அடைவில் இருக்கட்டும். பூட்ரியேருக்குப் பெரிய ஓ கொடியால் அதை மேல்விரிப்பாகக் கொடுக்கலாம், கிட் புல்லோடு சண்டை வராது.

இல்லை, கட்டமைப்பைத்தான் திருத்துகிறீர்கள் என்றால் மிகவும் குழப்புகிற பிழை இது: "மேக் ‑வி" (பெரிய வி) கொடுத்தால் மாறி சரியான மதிப்பைக் காட்டுகிறது, ஆனால் அதைச் சோதிக்கிற நிபந்தனை பொய் என்கிறது. தம்பி ஒருவர் இதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கேட்டார், "அண்ணை, மேக்குக்கு விசரே?" விசரில்லை. ‑வி காட்டுவது எல்லாக் கோப்பும் வாசித்து முடிந்த பிறகு உள்ள மதிப்பு. நிபந்தனையோ அந்த வரியை வாசிக்கிற கணத்தில் தீர்மானிக்கப்படுகிறது, அந்தக் கணத்தில் மாறி வெறுமை. நிபந்தனைக்கு மேல் வரியில் புள்ளி வைத்து "வோர்னிங்" என்று எழுதி, மாறியின் பெயரை டொலர் குறியோடு அடைப்புக்குள் பக்கத்தில் போடுங்கள். வாசிக்கும்போது அந்த இடத்தில் என்ன இருந்தது என்று திரையில் வரும். பிறகு மதிப்பு வைக்கிற வரியை மேலேயோ, சோதனையைக் கீழேயோ நகர்த்துவது மட்டும்தான் வேலை.

மாற்றம் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பார்க்க நான் நம்புவது இண்டெக்ஸ். மாற்றத்துக்கு முன் "மேக் இண்டெக்ஸ்" ஓட்டி, வருகிற கோப்பை வேறு பெயரில் எடுத்துவையுங்கள். அதே மரத்தில் மாற்றத்தைப் போட்டுவிட்டுத் திருப்பி ஓட்டுங்கள். பழைய இயந்திரத்தில் ஆறுதலாகத்தான் ஓடும், பரவாயில்லை. இரண்டுக்கும் டிஃப் போடுங்கள். ஒவ்வொரு போர்ட்டின் பெயரும் பதிப்பும் சார்புகளும் ஒரு வரியில் இருப்பதால், எந்தப் போர்ட்டின் சார்புப் பட்டியல் மாறியது என்று உடனே தெரியும். "இது ஒன்றையும் பாதிக்காத சின்னத் திருத்தம்" என்று நினைத்தது டிஃபில் நாலு பக்கம் ஓடினால் திருத்தம் சின்னதில்லை. "நோ என்ட்ரி" என்று இண்டெக்ஸே விழுந்தால், இல்லாத போர்ட் ஒன்றை யாரோ சார்பாகக் கேட்கிறார்கள். அது இடம் மாறியிருக்கிறதா என்று மூவ்ட் கோப்பில் தேடுங்கள்.

இண்டெக்ஸ் கட்டிப் பார்க்காது, வாசிக்க மட்டுமே செய்யும். ஆகவே "கிட் கிரெப்" கொடுத்து, நீங்கள் தொட்ட யூசஸைப் பயன்படுத்துகிற போர்ட்டுகளை எடுத்து, சிறியதொன்று, தெரிவுகள் நிறைய உள்ளதொன்று, ஃபிளேவர் (ஒரே போர்ட்டின் வேறு வடிவங்கள்) உள்ளதொன்று என்று டெஸ்ட்போர்ட் ஓட்டுங்கள்.

*மேலிருந்து வந்தது*

"கிட் பைசெக்ட் ஸ்டார்ட் ‑‑ எம்கே" என்று தொடங்கினால் எம்கேயைத் தொட்ட கொமிட்டுகளை மட்டும் எடுத்துப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போகும். நல்லதும் கெட்டதுமாக இரண்டு கொமிட்டைக் காட்டிவிட்டு, "பைசெக்ட் ரன்" உடன் உடைகிற போர்ட்டின் "மேக் டிஸ்கிரைப்" கட்டளையைக் கொடுத்தால் தானே ஓடிக் குற்றவாளியைக் காட்டும். டெப்த் 1 போட்டு இறக்கிய மரத்தில் இது நடக்காது. முதலில் "கிட் ஃபெட்ச் ‑‑அன்ஷாலோ" வேண்டும், டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*எப்போது விட்டுக்கொடுப்பது*

ஒரு போர்ட்டின் பிழை அதன் பராமரிப்பாளருக்கு. பக்சில்லாவில் (பிழைகளைப் பதிகிற தளம்) பதிந்துவிட்டு 2 கிழமை பொறுங்கள். பதில் வராவிட்டால் கொமிட் உரிமை உள்ள வேறொருவர் எடுத்துச் செய்யலாம். எம்கேயில் மாற்றம் என்றால் அது போர்ட்ஸ் மேலாண்மைக் குழுவின் கையில். கட்டமைப்பு மாற்றங்களை அவர்கள் தங்கள் கட்டும் இயந்திரங்களில் முழுத் தொகுப்பையும் ஓட்டிப் பார்க்காமல் சேர்க்கமாட்டார்கள். எக்ஸ்ப்‑ரன் என்பது அதுதான், பக்சில்லாவில் அதற்கொரு கொடி இருக்கிறது. கொக்குவிலில் ஒரு பழைய இயந்திரத்தில் 30,000 போர்ட்டைக் கட்டிப் பார்க்க முடியாது, அவர்களும் அதை எதிர்பார்க்கவில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது இவை: கிட் டிஃப் அப்படியே, நீங்கள் நின்ற கொமிட்டின் அடையாளம், இயங்குதளப் பதிப்பு, விழுந்த போர்ட்டின் முழு லொக், இண்டெக்ஸ் டிஃப், நீங்கள் டெஸ்ட்போர்ட் ஓட்டிய போர்ட்டுகளின் பெயர்கள். லொக்குக்குப் பதிலாகத் திரையைப் போனில் படமெடுத்து அனுப்பாதீர்கள். பூட்ரியேர் தன் லொக்ஸ் அடைவின் கீழே எரர்ஸ் என்று பிரித்தே வைத்திருக்கும், அந்தக் கோப்பையே இணையுங்கள்.